பெருநகரம் யாருக்குப் புகலிடம்?

மனிதர்கள் ஏன் சொந்த ஊரைவிட்டுப் பெருநகரங்களுக்குச் செல்கிறார்கள் என்ற கேள்விக்குப் பொருளாதாரப் பாடநூல்கள் ஆயத்தமான விடை ஒன்றை வைத்திருக்கின்றன: கூலி வேறுபாடு. சேலத்தில் கிடைப்பதைவிடப் பெங்களூரில் அதிகம் கிடைக்கிறது. நாமக்கல்லில் கிடைப்பதைவிடச் சிங்கப்பூரில் அதிகம் கிடைக்கிறது. பயணச் செலவும் வாடகையும் போக மிச்சம் இருக்கும் என்று தெரிந்தால் இளைஞர்கள் கிளம்பிவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விடை சரியானது என்றே சொல்வேன். ஆனால், எல்லாப் பயணங்களையும் அது விளக்கிவிடுவதில்லை.

சேலத்திலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வார இறுதியில் இந்த இரு நகரங்களுக்கும் செல்லும் பேருந்துகளிலும் ரயில்களிலும் வேலைக்காகவோ, உறவினர் வீட்டு விசேஷத்துக்காகவோ செல்லாத சிலரும் இருப்பார்கள். தம்மை யாருக்கும் தெரியாத ஓரிடத்தில் இரண்டு நாள்கள் இயல்பாக இருந்துவிட்டு வருவதற்காக மட்டுமே செல்பவர்கள் அவர்கள். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும் இவ்வகைப் பயணிகளில் அடக்கம்.

தன்பாலீர்ப்பு என்பது தம் பாலினத்தவர் மீதே காதலும் நாட்டமும் கொள்ளும் இயல்பு. அது நோயன்று, உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே அதைத் தனது நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. திருநங்கையர், திருநம்பியரின் நிலை இதனின்றும் வேறுபட்டது. ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது பாலின அடையாளம். யார் மீது அன்பு கொள்கிறார் என்பது பாலியல் நாட்டம். இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையர்க்கு 2008-இல் நலவாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. தன்பாலீர்ப்பாளரைப் பற்றிய பேச்சோ நம் வீடுகளில் இன்னும் தொடங்கவே இல்லை.

குடும்பமே நிறுவனம்

அந்தப் பேச்சு ஏன் தொடங்கவில்லை என்பதற்கு ஒழுக்கம், பண்பாடு என்று பலரும் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் பொருளாதாரத்தில் இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில்களை எண்ணிப் பாருங்கள்: ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, கோழிப்பண்ணை, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. இவற்றில் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள். முதலீடு வங்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. பங்காளியிடமிருந்தும், மாமன் மச்சானிடமிருந்தும், சீட்டுப் பணத்திலிருந்தும் வருகிறது. ஒரு ரிக் வண்டிக்கு நான்கு உறவினர்கள் பங்குதாரர்களாக இருப்பது இங்கு வியப்புக்குரியதன்று.

இத்தகைய பொருளாதாரத்தில் திருமணம் என்பது இரு மனங்களின் இணைப்பு மட்டுமன்று. இரு குடும்பங்களின் கடன் தகுதியும் நிலமும் தொழில் தொடர்புகளும் இணையும் ஏற்பாடு. 'எப்போது கல்யாணம்?' என்று உறவினர் கேட்கும் கேள்வியில் பாசம் இருக்கிறது. கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது. திருமணம் வேண்டாம் என்று மறுக்கும் ஓர் இளைஞன் பெற்றோரின் மனத்தை மட்டும் வருத்துவதில்லை. தன் தொழில் வாழ்வுக்கான முதலையும் நம்பகத்தையும் சேர்த்தே இழக்கிறான். அவன் மௌனத்தின் விலை அவ்வளவு.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் டி எமிலியோ 1983-இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் இதன் மறுபக்கத்தை விளக்கினார். தன்பாலீர்ப்பு எல்லாக் காலத்திலும் இருந்தது. ஆனால், குடும்பத்தைச் சாராமல் தனிமனிதர் மாதச் சம்பளத்தில் வாழ முடிந்த பிறகே, அந்த இயல்பை ஒரு வாழ்க்கையாக அமைத்துக்கொள்வது சாத்தியமாயிற்று என்பது அவர் வாதம். குடும்பம் உற்பத்திக் கூடமாக இருக்கும் வரை அதைவிட்டு வெளியேற வழியில்லை. நகரத்துச் சம்பளம் அந்த வழியைத் திறந்தது.

நகரம் தரும் இன்னொன்று, எண்ணிக்கை. லாரிக்கான அரிய உதிரிப் பாகம் ஒன்றை மட்டும் விற்கும் கடை நாமக்கல்லில் நடக்கும். பத்து லாரிகள் மட்டுமே உள்ள ஊரில் நடக்காது. சிறுபான்மையான தேவை எதுவாயினும் அது நிறைவேறப் பெரிய திரள் வேண்டும். ஆயிரம் பேர் வாழும் கிராமத்தில் தன்னைப் போன்ற இன்னொருவரைக் கண்டறிவது ஏறக்குறைய இயலாத செயல். கோடிப் பேர் வாழும் நகரத்தில் நட்பு வட்டமும், நூலகமும், ஆலோசனை தரும் அமைப்பும்கூட உருவாகிவிடுகின்றன.

இவற்றோடு, யாரும் யாரையும் விசாரிக்காத நகரத்துப் பண்பையும் சேர்க்க வேண்டும். பெங்களூருக்குச் சென்ற என் முன்னாள் மாணவர் ஒருவர் சொன்னார்: அங்கே வீட்டு உரிமையாளரின் விசாரணை முன்பணத்தோடு முடிந்துவிட்டது, என்ன ஆள், யார் வீட்டுப் பிள்ளை என்ற அடுத்த கேள்வி வரவில்லை. அந்த முன்பணம் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகையாக இருந்த நகரம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுதந்திரத்துக்கு அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு.

சட்டம் கடந்து வந்த தூரம்

பயணியாகச் செல்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியது சட்டத்தை. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, தன்பாலினத்தவர் இடையிலான உறவைக் குற்றமாக்கியது. அதே எழுத்து, அதே எண்ணோடு பிரிட்டிஷாரின் பிற காலனிகளுக்கும் பயணம் செய்தது. 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் அப்பிரிவின் வீச்சைக் குறைத்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இறுதியாக, 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசமைப்புச் சட்ட அமர்வு, வயதுவந்த இருவர் தம் விருப்பத்தின் பேரில் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே, இன்று இந்தியாவின் எந்த நகரத்திலும் தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமாகாது. இரண்டு ஆண்கள் விடுதியில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. நடைமுறையிலும், நம் ஊர் லாட்ஜுகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால்தான் ஆயிரம் கேள்விகள். இரண்டு ஆண்கள் வந்தால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட, மணமாகாதவர்கள் ஒன்றாகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்பதை 2019-இல் கோவை விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எனினும், குற்றம் நீங்கியது வேறு. உரிமை கிடைப்பது வேறு. தன்பாலினத் திருமணத்தை ஏற்க வேண்டும் என்ற வழக்கில், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையன்று என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. இணையர் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கமளித்தது. இது சிறிய படிதான். ஆனால், அன்றாட வாழ்க்கை இத்தகைய சிறிய படிகளால் ஆனது.

தமிழ்நாட்டில் நீதிமன்றம் முன்னே சென்றிருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடினார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, காவல் துறையின் விசாரணையிலிருந்து பாதுகாப்புக் கோரி அப்பெண்கள் உயர்நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதும் முன்பு, இப்பொருளைத் தாம் புரிந்துகொள்வதற்காக உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பாலியல் நாட்டத்தை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக, 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது. தேசிய மருத்துவ ஆணையமும் அச்சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது.

2025 மே மாதம், குடும்பத்தாரால் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பப்படி அனுப்பிவைத்த உயர்நீதிமன்ற அமர்வு, திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்றும் குறிப்பிட்டது. இரண்டு வழக்குகளிலும் நீதிமன்றப் படியேறியவர்கள் பெண்கள். வார இறுதியில் நகரத்துக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் வசதி நம் சமூகத்தில் ஆண்களுக்குத்தான் இருக்கிறது. பெண்ணுக்கு அதே பயணம் ஓடிப்போதல் என்றாகிவிடுகிறது.

கடல் கடந்த நகரம்

நம் பகுதி இளைஞர்களுக்குப் பல்லினப் பெருநகரம் என்றால் மனத்தில் முதலில் தோன்றுவது சிங்கப்பூர். திருச்சியில் விமானம் ஏறினால் நான்கைந்து மணி நேரத்தில் இறங்கிவிடலாம். தமிழையும் சேர்த்து நான்கு ஆட்சிமொழிகள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல இனத்தவர் ஒரே அடுக்ககத்தில் வாழும்படி அரசே திட்டமிட்ட நகரம். அங்கும் 1938-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த 377ஏ என்னும் பிரிவு ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக வைத்திருந்தது. 2022 நவம்பர் 29 அன்று சிங்கப்பூர் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதற்கான மசோதாவை முன்வைத்தவர் சட்ட அமைச்சராக இருந்த தமிழரான கா.சண்முகம். அதே நாளில், திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாதவாறு அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. ஒரு கதவைத் திறந்து மற்றொன்றைத் தாழிட்டார்கள்.

2009 முதல் ஹாங் லிம் பூங்காவில் 'பிங்க் டாட்' என்ற ஒன்றுகூடல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டிலிருந்து செல்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: 2017 முதல் அதில் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே பங்கேற்கலாம். சுற்றுலாப் பயணியும் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரும் உள்ளே செல்லக் கூடாது. நகரத்தின் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் பகிரப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குச் சென்றால் சட்டம் தலைகீழாக மாறிவிடுகிறது. மலேசியாவின் தண்டனைச் சட்டத்தில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இன்றும் உண்டு. இலங்கையில் 365, 365ஏ பிரிவுகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றை நீக்குவதற்கான தனிநபர் மசோதா அரசமைப்புக்கு முரணானதன்று என்று 2023-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. நம்மவர் வேலைக்குச் செல்லும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் இது குற்றமே. மாறாக, தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். விமானச் சீட்டு வாங்கும் முன் ஒரு நாட்டின் நுழைவு விதிகளைப் படிப்பதுபோல், அதன் தண்டனைச் சட்டத்தையும் படிக்க வேண்டிய பயணி இவர்.

நகரத்தின் நிழல்

பெருநகரம் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கைப்பேசிச் செயலிகள் வழியாக நட்பு காட்டித் தனியிடத்துக்கு அழைத்து, பணத்தையும் நகையையும் பறித்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டும் கும்பல்களைப் பற்றிய செய்திகள் இந்திய நகரங்கள் பலவற்றிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. அக்கும்பல்களின் முதலீடு, பாதிக்கப்பட்டவரின் அச்சம் மட்டுமே. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமன்று. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முழு உரிமை உண்டு. முதல் சந்திப்பு மக்கள் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். எங்கே செல்கிறோம் என்பது நம்பிக்கையான ஒரு நண்பருக்காவது தெரிந்திருக்கட்டும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவு இல்லை. பாலியல் வன்கொடுமைக்கான பிரிவோ பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது. வயதுவந்த ஆண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானால், காயம் விளைவித்தல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் போன்ற பிரிவுகளையே நாட வேண்டியிருக்கிறது. இதை நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டும்.

உடல்நலம் பற்றியும் நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் தயங்காமல் பேச வேண்டும். 1986-இல் இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். அதன் பின்னர், நெடுஞ்சாலைகளில் வாழும் லாரித் தொழிலாளர்கள் மிகுந்த நாமக்கல், தொற்று பற்றி அதிகம் பேசப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மௌனத்தைக் கலைத்து, பரிசோதனையை எளிதாக்கிய பிறகே நிலைமை சீரடைந்தது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இன்றும் பரிசோதனை இலவசம். முடிவுகளை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது.

நகரத்தில் ஊரும் உடன்வந்து சேர்ந்துவிடுவது மற்றொரு சிக்கல். நம் புலப்பெயர்வு உறவுச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு நடப்பது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நடந்தால், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையாவது சந்திக்க நேரலாம். பெங்களூரில் ஒரே அறையில் தங்கும் நால்வரும் ஒரே வட்டத்துக்காரர்களாக இருப்பது சாதாரணம். ஊர் கண்காணிப்பு, நகரத்து அறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஆங்கிலம் பேசும், நல்ல சம்பளம் வாங்கும் இளைஞருக்குத் திறக்கும் கதவுகள், தறிப் பட்டறையிலிருந்து வரும் இளைஞருக்கு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. ஆகவேதான், தமிழிலும் தகவல் தரும் சென்னையின் 'ஓரினம்' போன்ற அமைப்புகளும், 1998 முதல் இயங்கும் 'சகோதரன்' போன்ற அமைப்புகளும் முக்கியத்துவம் பெறுகின்றன. சென்னையில் 2009 முதல் வானவில் பேரணி நடப்பதும், பெங்களூரில் அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கியதும் வெறும் கொண்டாட்டமன்று. ஊரிலிருந்து தனியாக வந்து நிற்கும் ஒருவருக்கு, தாம் தனியரல்லர் என்று தெரிவிக்கும் அறிவிப்பு அது.

இழப்பு யாருக்கு?

பாகுபாடு காட்டுபவரும் அதற்கு விலை கொடுக்கிறார் என்பதை நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1957-இலேயே நிறுவினார். திறமையானவரை ஒதுக்கும் முதலாளி அவருடைய உற்பத்தியையும் இழக்கிறார். இந்தியாவில் பால்புதுமையினர் ஒதுக்கப்படுவதால் ஏற்படும் இழப்பை, உலக வங்கிக்காகப் பொருளாதார அறிஞர் லீ பேட்ஜெட் 2014-இல் கணக்கிட்டார். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.1 முதல் 1.7 சதவீதம் வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. இடைவெளி பெரிதுதான், மறைந்து வாழ்பவர்களை எண்ணுவது கடினம் என்பதையே அந்த இடைவெளி காட்டுகிறது.

நம் சமவெளிக்கு இந்தக் கணக்கு புதிதன்று. சாதி கடந்து பழகியவர்களுக்கு இங்கே என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். 2015-இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு ஒன்றே போதும். சாதி கடந்து மணந்த எத்தனையோ இணையர் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று பிழைத்தார்கள். அவர்களின் படிப்பும் உழைப்பும் வரியும் அந்நகரங்களுக்குச் சென்றன. முதிய பெற்றோர் மட்டும் ஊரில் எஞ்சினார்கள். தன்பாலீர்ப்பாளர் விஷயத்திலும் அதே கதைதான் ஓசையின்றி நடக்கிறது. வெளியேற முடியாதவர்கள் கட்டாயத் திருமணத்துக்கு இணங்கும்போது, ஒன்றுமறியாத இன்னொரு பெண்ணின் அல்லது ஆணின் வாழ்வும் சேர்ந்தே வீணாகிறது. பெற்றோர் இந்த இரண்டாவது இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

சமூகம் ஒரே நாளில் மாறிவிடாது. ஆனால், செய்யக்கூடியவை சில உண்டு. பாலியல் நாட்டத்தைக் காரணம் காட்டி மாணவரைத் துன்புறுத்துவதும் பகடிவதையே என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2016 முதல் சொல்கிறது. அதை ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கை நாளிலேயே மாணவருக்கும் பெற்றோருக்கும் படித்துக் காட்டலாம். 'மாற்றித் தருகிறேன்' என்று பணம் வாங்கும் மருத்துவர் மீது புகார் கொடுக்கலாம். தன்னிடம் மனம் திறக்கும் பிள்ளையைத் தந்தை ஒருவர் ஏற்றுக்கொள்ள முடியாவிட்டாலும், அடிக்காமல், அடைத்துவைக்காமல், அவசரமாகப் பெண் பார்க்காமல் இருக்கலாம்.

பெருநகரங்களுக்கு நம் பிள்ளைகள் செல்லட்டும்; உலகைப் பார்க்கட்டும்; புதிய மனிதர்களோடு பழகட்டும். அது எல்லா இளைஞருக்கும் உரிய இன்பம். ஆனால், திரும்பி வரவும் இங்கே ஒரு வீடு இருக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் அவர்கள் செல்வது பயணம்; இல்லையென்றால் அதற்குப் பெயர் வெளியேற்றம். இரண்டில் எது நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடம் பெங்களூரோ சிங்கப்பூரோ அன்று, நம் வீட்டுத் திண்ணைதான்.